கீரிமலையிலிருந்து தங்கமலைக்கு

எங்கள் வீட்டிலிருந்து கீரிமலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். பெயரில்தான் மலை. போய்ப் பார்த்தால் கேணி இருக்கும், நகுலேஸ்வரம் கோயில் இருக்கும், கடல் இருக்கும். மலையை மட்டும் காண முடியாது. யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புக்கல் தட்டு. சைக்கிளுக்குக் கியர் எதற்கென்று கேட்கிற ஊர். இங்கே பிறந்த எனக்கு நாற்பத்தாறாவது வயதில் மலை நடைப் பைத்தியம் பிடித்தது. 2023இல் தொடங்கி நாலு பயணம் போய்வந்துவிட்டேன். நாலிலும் தேடியது ஒன்றைத்தான்: சனக்கூட்டம் இல்லாத பாதை.

முதல் பயணம் 2023 ஏப்ரலில், ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு. துணைக்கு மனைவியின் தம்பி. சித்திரை வருடப்பிறப்பு லீவில் போனோம் என்று சொன்னாலே மலையகம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், பாதி கொழும்பு அங்கேதான் நிற்கும். விடிய ஐந்தரைக்கே பூங்கா வாசலில் வான் வரிசை. பொலித்தீன் உள்ளே போகக் கூடாதென்று பைகளைச் சோதித்தார்கள். அது சரியான காரியம்தான். எங்கள் பருத்தித்துறை வடைப் பக்கெற்றைப் பிரித்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு நடந்தோம். ஒன்பது கிலோமீட்டர் வட்டம். முன்னால் யாரோ ஒருவருடைய முதுகு, பின்னால் யாரோ ஒருவருடைய புளூடூத் ஸ்பீக்கர். உலக முடிவு என்று பெயர்கொண்ட இடத்தில் எண்ணூறு மீட்டருக்கும் மேலான பள்ளம். அதன் விளிம்பில் படம் எடுக்க வரிசை. எங்கள் முறை வந்தபோது கீழேயிருந்து முகில் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"அத்தான், நல்லூர்த் தேருக்குப் போயிருந்தாச் சாமியாவது தெரிஞ்சிருக்கும்" என்றான் தம்பி.

ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நடை தொடங்கும் ஃபார் இன் கட்டிடத்தடியிலிருந்து இன்னொரு பாதையும் போகிறது, கிரிகல்பொத்தவுக்கு. இலங்கையின் இரண்டாவது உயரமான மலை அது. முதலாவதான பீதுருதாலகாலவின் (2524 மீட்டர்) உச்சியில் தொலைத்தொடர்பு நிலையமும் இராணுவக் காவலும் இருப்பதால், காலால் நடந்து ஏறக்கூடியவற்றில் இதுதான் உயரம் கூடியது. அதே வாசல், அதே ரிக்கெட். நாங்கள் நின்ற அரை மணித்தியாலத்தில் அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. போகவர ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். எங்கள் கால்கள் அதற்கு ஆயத்தமில்லை, நாங்களும் திரும்பவில்லை. கூட்டமுள்ள இடத்துக்குப் பக்கத்திலேயே ஆளில்லாத பாதை கிடக்கும் என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும் வரைபடம் பார்க்கத் தொடங்கினேன். நில அளவைத் திணைக்களத்தின் ஒன்றுக்கு ஐம்பதினாயிரம் அளவுத்திட்ட வரைபடங்கள் நாடு முழுவதற்கும் 92 தாள்கள். யாழ்ப்பாணத் தாளில் சமவுயரக் கோட்டைத் தேட வேண்டும். நுவரெலியாத் தாளில் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கி நிற்கும். புவியியல் பாடத்தில் இந்தக் கோடுகளை வரைந்து புள்ளி எடுத்தேனே தவிர, அவை முழங்காலில் எப்படி வலிக்கும் என்று அப்போது தெரியாது.

இரண்டாவது பயணம் வரைபடம் பார்த்து நானாகத் தெரிந்தெடுத்தது, முழுத் தவறு. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன். ஏ9 வீதியில் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குப் போய்க் கிழக்கே திரும்பினால் சரி. எங்கள் ஊருக்குக் கிட்டவான உயர்ந்த மலைப்பகுதி, கண்டிக்குள் நுழையவே தேவையில்லை. 2023 டிசம்பர், கிழமை நாள், பாடசாலை லீவு. மாரி மழை எங்களுக்குத்தானே, மலையில் என்ன என்று நினைத்தேன். போய் இறங்கினால் அங்கே எங்கள் ஊரை விட இரண்டு மடங்கு மழை. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அதே வாடைக் காற்று, தட்டையான யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய்விடுகிறது; நக்கிள்ஸ் குறுக்கே நிற்கிறதால் அங்கே கொட்டித் தீர்க்கிறது. பாதையில் எங்களைத் தவிர ஒரு மனிதரும் இல்லை. தேடின அமைதி கிடைத்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

அத்தோடு அட்டை. எங்கள் ஊரில் அட்டை என்றால் கடலட்டை, பிடித்து ஏற்றுமதி செய்து டொலர் பார்க்கலாம். மலையில் உள்ளது நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிற சாதி. சப்பாத்துக்கு மேலே ஏறி, காலுறையின் பின்னலுக்குள் புகுந்துவிடும். காலில் சவர்க்காரத்தைத் தண்ணீர் விடாமல் பூசிக்கொண்டு போங்கள் என்று தேத்தண்ணிக் கடைக்கார ஐயா சொன்னார், ஆனால் திரும்பி வந்த பிறகு.

அந்த ஈரச் சாரத்தோடு விடுதி அறையில் இருந்துதான் காற்றுக் கணக்கைப் போட்டேன். நமக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த காற்றுகள்தான். வைகாசி கடைசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றான சோளகம், ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வாடை. சோளகம் வீசும் காலத்தில் மலையின் மேற்குப் பக்கம், ஹட்டன், நல்லதண்ணி, கினிகத்தேனை எல்லாம் நனையும். கிழக்குச் சாய்வான ஊவாப் பக்கம், பண்டாரவளை, எல்ல, பதுளை ஓரளவு காய்ந்திருக்கும். வாடைக்கு மறுவளம்: ஊவாவும் நக்கிள்ஸும் நனையும், பிறகு தையிலிருந்து பங்குனி வரை மேற்கு மலைகள் தெளிவாக இருக்கும். பட்டம் விடப் பார்க்கிற காற்றை மலைக்குப் பார்க்கவில்லை, என் பிழை.

இன்னொன்று பூரணை. போயா என்கிற அந்த விடுமுறை நாளும் அதை ஒட்டிய சனி ஞாயிறும் எந்த மலையிலும் அமைதி இல்லை. அதனால் சுவர்க் கலண்டரில் அமாவாசை வாரத்துச் செவ்வாய், புதன்களுக்கு வட்டம் போடத் தொடங்கினேன். "அமாவாசையில ஆரும் பயணம் வெளிக்கிடுவினமா?" என்று அம்மா கேட்டார். அதனால்தான் அம்மா கூட்டம் இல்லை என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

மூன்றாவது பயணத்துக்கு முன் பயிற்சி எடுத்தேன். மலையில்லாத ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது? வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல் மேடுகள்தான் விடை. ஞாயிறு விடிய வெள்ளனப் போய், முதுகுப் பையில் நாலு லீற்றர் தண்ணீரோடு ஏறி இறங்குவது. மணலில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கும், கெண்டைக்கால் எரியும். மணலுக்குள் இடிந்து நிற்கும் பழைய தேவாலயத்தடியில் இருந்து பனங்கட்டியைக் கடித்துத் தண்ணீர் குடிப்பேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் மூன்றாம் ஞாயிறு கேட்டுவிட்டார்: "தம்பி, என்னத்தைத் துலைச்சனீர்?" உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அந்த நடைக்குத்தான் எங்கள் ஊரில் மரியாதை. ஒன்று மட்டும் மணல் சொல்லித் தரவில்லை: இறக்கம். மணலில் இறங்கும்போது முழங்கால் தப்பிவிடுகிறது. அதற்கு மாடிப்படிதான் வேண்டும், அதுவும் கீழ்நோக்கி.

2024 பெப்ரவரி, சிவனொளிபாதமலை. கூட்டமில்லாத இடம் தேடுகிறவன் அங்கே போவானா என்று கேட்கலாம். டிசம்பர் பூரணையிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் ஆளிருக்காது, ஆனால் படிகளில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது, மழை இருக்கும். அதனால் காலத்துக்குள்ளேயே போய் நேரத்தை மாற்றிப் பார்த்தோம். நல்லதண்ணியிலிருந்து எல்லோரும் இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குவார்கள், உச்சியில் சூரியோதயம் பார்க்க. நாங்கள் நன்றாக நித்திரை கொண்டு, ஐந்தரைக்கு இடியப்பம் சாப்பிட்டு ஏறினோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முதல் இரண்டு மணித்தியாலம் இறங்கி வருகிற சனத்துக்கு ஒதுங்கி ஒதுங்கியே போனது. அதற்குப் பிறகு படிகள் வெறுமையாகின. பத்து மணிக்கு 2243 மீட்டர் உச்சியில் எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். நாங்கள் ஒரு தரம் அடித்தோம். பக்கத்தில் ஒரு பாட்டி அடித்துக்கொண்டே இருந்தார், எண்ணுவதைப் பதினொன்றில் விட்டுவிட்டேன்.

இதற்கும் விலை உண்டு. சூரியோதயம் போயிற்று. விடியலில் மலையின் நிழல் முக்கோணமாக முகில்மேல் விழும் என்கிறார்களே, அதுவும் போயிற்று. இறக்கத்தில் உச்சி வெயில். தம்பிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நிழலைப் பார்க்கவில்லையே என்று அவன் இன்னமும் குறை சொல்கிறான், எனக்குக் குறையில்லை.

நாலாவதுதான் நான் நினைத்த மாதிரி அமைந்தது. 2024 யூலை, ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டை சாப்பிட்ட அடுத்த கிழமை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. சோளகக் காலம், ஆகவே ஊவாப் பக்கம். கண்டிக்கு இரவு பஸ், அங்கிருந்து ரயிலில் ஹப்புத்தளை.

சனம் நிறைந்த எல்ல நகரை முதலிலேயே வெட்டிவிட்டேன். ஹப்புத்தளையிலும் பெயர்பெற்றது லிப்டன் சீற், தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து தேயிலைக்குள்ளால் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். வடிவான இடம்தான். ஆனால் ஓட்டோ உச்சிவரை போகிறது. ஓட்டோ எவ்வளவு தூரம் ஏறுமோ அவ்வளவு தூரம் சனமும் ஏறும், இது நான் கண்ட கணக்கு. எனவே எதிர்ப்பக்கம் பார்த்தோம். நகரத்துக்கு மேற்கே 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அதற்கு அப்பால் மலைமுதுகில் தங்கமலைச் சரணாலயம், அதன் வழியே இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் வரை நடக்கலாம். மடத்தைப் பார்க்க ஆட்கள் வருவது பெரும்பாலும் சனி ஞாயிறும் போயாவும். நாங்கள் போனது புதன்.

காட்டுக்குள் காற்றுச் சத்தம் ஒன்றுதான். பாசி பிடித்த குட்டை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. முகில் வந்து மூடும், ஐந்து நிமிடத்தில் திரை விலகின மாதிரி தெற்கே தாழ்நிலம் முழுக்கத் திறக்கும். அட்டை ஒன்றிரண்டுதான், சவர்க்காரமும் பூசியிருந்தோம். பேசாமலே ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். தம்பி வாயைத் திறக்காமல் அவ்வளவு நேரம் இருந்ததை நான் கண்டதில்லை.

பிறகு வழி தவறினோம். வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை, நிலத்தில் மூன்று. இடதுபக்கத்தால் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "அக்கா, அந்த மலைக்குப் போற பாதை எது?" என்று கேட்டேன்.

"எத்தனாம் நம்பர் மலைங்க?"

எனக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் தேயிலை நிரையிட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரு மலையாம், அவற்றுக்கு இலக்கம் உண்டாம். நாங்கள் நின்றது ஏழாம் நம்பர் மலை. இதல்கஸ்ஹின்ன ஸ்டேசன் என்றதும் கையை நீட்டினார்: கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) வரைக்கும் இறங்கி, லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் குறுக்கு ஏறணும். எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன்.

"யாழ்ப்பாணத்துல இருந்து நடக்கவா வந்தீங்க?"

சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஆளில்லாத பாதை என்று நான் வரைபடத்தில் குறித்து வைத்த இடத்தில் அவர் காலை ஏழரையிலிருந்து நிற்கிறார், கூடையும் முதுகில். அதற்குப் பிறகு என் குறிப்புப் புத்தகத்தில் ஆளில்லாத பாதை என்று எழுதுவதில்லை, சுற்றுலாக்காரர் குறைந்த பாதை என்று எழுதுகிறேன். தோட்டத்துக்குள் போனால் கேட்டுவிட்டுத்தான் போகிறோம். லயத்து வாசல்களைப் படம் எடுப்பதில்லை.

நிலையத்துக்கு வந்து சேர நாலரை மணித்தியாலம். தண்டவாளத்தால் நடந்திருந்தால் வழி தவறியிருக்காது என்றான் தம்பி. பலரும் அப்படி நடக்கிறார்கள்தான். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், முகிலுக்குள் ரயில் வருவது தெரியாது என்பது மறுபக்கம். ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். கடைசி வடையை இரண்டாக முறித்துக்கொண்டு காத்திருந்தோம்.

இனிக் கிரிகல்பொத்த. அதற்குப் பங்குனிதான் சரி, வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத இடைவெளி. பதினான்கு கிலோமீட்டருக்கு முன் ஒரு ஒத்திகையாக, பட்டிப்பொல வாசல் பக்கம் 2357 மீட்டர் தொட்டுபொல கந்தவில் ஏற எண்ணம். பாதை தூரம் குறைந்தது, பூங்காவுக்கு வருகிற வான்கள் அதைக் கடந்து போய்விடும். கலண்டரில் அமாவாசைக்கு அடுத்த செவ்வாய்க்கு வட்டம் போட்டாயிற்று. தம்பி முழங்காலுக்குப் பட்டி வாங்கிவிட்டான். அம்மா மட்டும் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வியாழனுக்குப் பேனையால் இன்னொரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.