மட்டக்களப்பில் கடற்படை வழக்கேடுகளைத் தேடி

கடற்படை இராணுவ நீதிமன்றங்களின் பழைய வழக்கேடுகளைப் படியெடுத்துச் சேர்ப்பது என் நெடுநாள் ஈடுபாடு. கப்பலின் நாட்குறிப்பேடு காற்றையும் திசையையும் பதிகிறது. தளபதியின் கடிதம் தன் செயலுக்கு நியாயம் சொல்கிறது. சமையற்காரரும் பீரங்கிக்காரரும் சத்தியம் செய்து சொன்ன பதில்கள் எழுத்தில் கிடைப்பது வழக்கேட்டில்தான். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைப் பற்றி அந்தக் கரையிலேயே விசாரிக்க விரும்பி உதயதேவி ரயிலேறினேன்.

முதலில் கோட்டைக்குப் போனேன். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய இக்கோட்டைக்கு வந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில், கட்டுப்பாட்டு விதிகளை மாலுமிகளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். சண்டையில் கத்தியை உருவியவனின் கையைக் கத்தியாலேயே பாய்மரத்தில் அறைய அவ்விதிகள் இடமளித்தன. இலங்கையின் ஒல்லாந்தர் கால ஆவணங்களில் பெரும்பகுதி கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருப்பதால், கோட்டையில் நான் அதிக நேரம் செலவிடவில்லை.

பாலமீன்மடு வெளிச்சவீட்டருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் கப்பலைப் பற்றிக் கேட்டேன். "அதுக்கு மேல வலை போட்டா வலை மிஞ்சாது மனே, தூண்டில்தான் போடலாம்" என்று கடலைக் கைகாட்டினார். போர்விமானம் ஒன்றுகூட இல்லாமல் திருகோணமலையிலிருந்து விலகி வந்த அந்த விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது. உடன் வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் தன் தளபதி மொரனோடு மூழ்கியது.

கப்பலை இழந்த தளபதியை இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்துவது பிரித்தானியக் கடற்படையின் நெடுங்கால மரபாக இருந்தது. 2004 வரை, விசாரிக்கப்படும் அதிகாரியின் வாள் மேசைமேல் குறுக்காக வைக்கப்பட்டது. தீர்ப்புக்காக அவர் திரும்ப அழைக்கப்படும்போது வாளின் முனை அவரை நோக்கியிருந்தால் குற்றவாளி என்று பொருளாக இருந்தது. என் சேகரிப்பில் நான் மிகவும் போற்றுவது பிரித்தானிய அட்மிரல் பிங்கின் வழக்கு. மத்தியதரைக் கடல் தீவான மினோர்க்காவைக் காக்கத் தவறினார் என்று அவரைக் குற்றவாளியாகக் கண்ட நீதிபதிகளே அவருக்குக் கருணை காட்டும்படி வேண்டினார்கள். ஆனால் 1749ஆம் ஆண்டின் விதி மரணத்தைத் தவிர வேறு தண்டனைக்கு இடம் தரவில்லை. 1757 மார்ச் 14 அன்று மொனார்க் கப்பலின் மேல்தளத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த விதி தளர்த்தப்பட்டது 1779இல்தான். விசாரணை முழுவதும் உடனே அச்சேறியதால், சட்டத்தின் கொடுமையை நீதிபதிகளே உணர்ந்து தத்தளித்ததை இன்றும் நாம் வாசிக்க முடிகிறது.

ஒன்ஸ்லோவிடமும் மொரனிடமும் அப்படி ஒரு கேள்வி கேட்க வழியில்லாமற் போனது. கடைசி நிமிடங்களில் என்ன நினைத்து எந்தக் கட்டளை இட்டார்கள் என்பதை அவர்கள் வாயால் சொன்ன பதிவு ஏதும் இல்லை. எனவே மீட்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களும் கரையோர மக்களின் நினைவுகளும் எனக்கு இரட்டிப்பு மதிப்புடையவை.

1950ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்துக்கு முன்னர் இலங்கைத் தொண்டர் கடற்படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்தால், வீட்டிலுள்ள சேவைச் சான்றிதழ், நடத்தைக் குறிப்பு, தண்டனைக் கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள். தாளை மடிக்காமல், ஒளிப்படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்; மூலம் உங்களிடமே இருக்கட்டும், படி ஒன்று எனக்குப் போதும்.