தையற்காரரின் அளவு நோட்டு

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மூன்றாம் நபர் இழப்பீட்டுப் பிரிவில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த அதிகாரி, புது வழக்குக் கட்டு மேசைக்கு வந்தால் மனுவை முதலில் படிக்க விடமாட்டார். "மனு வக்கீல் எழுதியது. ஏ.ஆர். காப்பியை எடு" என்பார். விபத்தில் அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குள் வந்ததும் பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் நான்கு வரி கிறுக்குவார். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. எத்தனை மணிக்கு வந்தார், கூட்டிவந்தவர் யார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார், எங்கெங்கே காயம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுதுகிற அவருக்கு அந்த வழக்கால் ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால்தான் எங்களுக்கு அந்தக் கிறுக்கல் மேல் அவ்வளவு மரியாதை.

அந்தக் காகிதத்தில் "தானாக வழுக்கி விழுந்தார்" என்று இருக்கும். பத்து நாள் கழித்துப் பதிவான முதல் தகவல் அறிக்கையில் எங்கிருந்தோ ஒரு கார் முளைத்திருக்கும். தானாக விழுந்தவருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் பணம் கிடையாது. மோதிய வண்டி ஒன்று வேண்டும், அதற்குப் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். பல கட்டுகளில் அந்தக் கார் மனுதாரரின் மைத்துனருடையதாகவோ, பக்கத்துத் தெருக்காரருடையதாகவோ இருக்கும்.

இந்த வேலையில் ஒரு போதை உண்டு. பஸ் நிலைய வாசலில் ஒரு காரும் மொபெட்டும் லேசாக உரசிக்கொண்ட வழக்கு. முன்கை எலும்பு முறிவு என்று மனு, அன்று மாலையே எடுத்ததாக ஓர் எக்ஸ்ரே. எனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முறிந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. "இது எலும்பு கூடுகிற அடையாளம். இந்தக் கை உடைந்து இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கும். அன்று மாலை எடுத்த படத்தில் இது வராது" என்றார். விசாரணையில் இதைக் கிளப்பப்போகிறோம் என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் மனுவை வலியுறுத்தவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் ஒரு வாரம் எனக்கு ராஜ மரியாதை.

ஊனச் சான்றிதழ்கள் தனிக் கதை. சிகிச்சை கொடுத்தவர் ஒருவர், சான்று கொடுப்பவர் வேறொருவர். சுண்டுவிரல் முழுதாக மடங்காததற்கு 35 சதவீதம் என்று வரும். எங்கள் மாநிலத் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், சதவீதம் ஏறினால் தொகையும் ஏறும். ஓர் உறுப்பின் ஊனம் வேறு, அதனால் வருமானத்தில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

இப்படி நாலைந்து வருடம் ஓடியபின் மனது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. மனுவில் 'கடுமையான வலி' என்ற சொல்லைப் பார்த்தாலே உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு உச்சத்தில் இருந்த காலத்தில்தான் கும்பகோணம் தையற்காரரின் கட்டு வந்தது.

அவருக்கு 67 வயது. பாத்திரக்கடை வாசலில் பின்னோக்கி எடுத்த கார் அவருடைய சைக்கிளில் இடித்தது, சரிந்து விழுந்தார். நாங்கள் காப்பீடு செய்த கார் அது. இடித்ததை ஓட்டுநர் மறுக்கவில்லை. "எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, தண்ணீர் கூட வேண்டாம் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், சார்" என்றார். பம்பரில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு ஏ.ஆர். காப்பி இல்லை. 24ஆம் நாள் தஞ்சாவூரில் மருத்துவமனைச் சேர்க்கை, தலையில் அறுவை சிகிச்சை. 26ஆம் நாள் முதல் தகவல் அறிக்கை. வீட்டில் எங்கோ விழுந்திருக்கிறார், செலவை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று கட்டின் மேல் பென்சிலில் எழுதினேன்.

புலனாய்வாளரை அனுப்பாமல் நானே போனேன். திண்ணையை அடைத்துக் கட்டிய கடை, ஒரு பழைய மிதி மிஷின். அவர் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தார். மனைவிதான் இருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் என்று சொல்லித்தான் பேசினேன். ஆனால் எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அடிபட்ட பிறகு கடை திறந்தாரா அம்மா என்று கேட்டேன். "ஒரு நாள் கூட மூடவில்லையே, சார்" என்று பெருமையாகச் சொல்லி, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டையே எடுத்துக் கொடுத்தார். விபத்துக்குப் பிந்தைய தேதிகளில் பதினொரு சட்டை, மூன்று பேன்ட். நாலு பக்கத்தைத் தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருந்த உற்சாகத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

விபத்துக்குப் பிறகு மூன்று வாரம் மனுதாரர் வழக்கம்போல் தொழில் செய்தார் என்று எதிர்வுரையில் அழுத்தமாக எழுதினோம். முதல் தகவல் அறிக்கை தாமதமானதை மட்டும் வைத்து விபத்து வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் தீர்ப்பு சொல்லியிருந்தது எங்கள் வக்கீலுக்கும் தெரியும். அதனால்தான் அவர் நோட்டையே பெரிதாக நம்பினார்.

சாட்சி சொல்ல வந்த நரம்பியல் அறுவை மருத்துவர் நிதானமானவர். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும், மண்டை ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடும், அந்த இடைவெளியைக் கடக்கிற மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும் என்றார். லேசான இடி போதும், ஒன்று அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் ரத்தம் தேங்கி மூளையை அழுத்தும்போதுதான் தலைவலி, தடுமாற்றம், குழப்பம் எல்லாம் வரும்.

எங்கள் வக்கீல் ஜெராக்ஸை நீட்டினார். "தலைக்குள் ரத்தம் கசிகிற ஆள் இத்தனை சட்டைக்கு அளவு எடுத்து எழுத முடியுமா, டாக்டர்?"

மருத்துவர் வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்துக்குத் திரும்பினார், மறுபடி கடைசிப் பக்கத்துக்குப் போனார். பிறகு, "இதை யாராவது படித்தீர்களா?" என்று கேட்டார்.

நான் தேதிகளைத்தான் பார்த்திருந்தேன். முதல் பக்கத்தில் நீளம் 28, தோள் 17½, மார்பு 40, கழுத்து 15 என்று வரிசை கட்டிய முத்து முத்தான எழுத்து. இரண்டாம் பக்கத்தில் வரிகள் வலப்பக்கம் கீழே சரியத் தொடங்கியிருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஆளின் அளவு இரண்டு முறை, வேறு வேறு எண்களில். கடைசிப் பக்கத்தில் ஒரு சட்டைக்குக் கை அளவே இல்லை. இன்னொன்றுக்குக் கழுத்து 51.

"இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் நன்றாக இருக்கிற ஒருவரின் எழுத்து இப்படி மாறாது" என்றார். வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்தார். என் பக்கம் அவர் திரும்பவில்லை.

வராந்தாவில் தையற்காரரின் மனைவி என்னிடம் வந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "அந்தச் சமயம் ஒருவர் சட்டையைக் கொண்டுவந்து சண்டை போட்டார், சார். இரண்டு பக்கமும் காஜா எடுத்து வைத்திருக்கிறார், பட்டன் தைக்க இடமே இல்லை. கண்தான் மங்கிவிட்டது என்று கண்ணாடியை மாற்றினோம்" என்றார். நோட்டை என்னிடம் கொடுத்தது அவர்தான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சமரசத்துக்குப் பரிந்துரைத்தேன். "போலி என்று எழுதியதும் நீங்கள், கொடுங்கள் என்று எழுதுவதும் நீங்களா?" என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பக்கக் குறிப்பில் காரணம் எழுதினேன். தொகையும் பெரிதில்லை. 2009இல் சரளா வர்மா வழக்குத் தீர்ப்பில் வகுத்த அட்டவணைப்படி 65 வயதைத் தாண்டியவருக்கு, ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண் வெறும் 5. முதியவரின் வருமான இழப்பு காகிதத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு நான் இளகிப்போனேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதமே இரண்டு போலிக் கட்டுகளைப் பிடித்தேன், அதிலும் சந்தோஷம் இருந்தது. இது சில்லறைத் தொழில் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்க 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டேன். கட்டின் மேல் பென்சிலில் எழுதுவதில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடத் தையற்காரரே வந்திருந்தார். தலையில் முடி திரும்ப முளைத்து வடுவை மறைத்திருந்தது. பெயரை எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெடிமேடா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, நடுங்குகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.