இரண்டாவது பெயர்

"நான் எழுதாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்களா, அக்கா?" என்று கேட்டான்.

"சொல்வேன்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் துரத்துகிறது.

பினாங்கில், எங்கள் ஆய்வுக்கூடத்து மேசையில் கிடந்தது அந்த மருத்துவப் படிவம். அண்டார்டிகாவின் கடல்பனியை ஆராயப் போகும் கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே இடம். முதல் பெயர் அவனுடையது. அவனால் முடியாமல் போனால் யார் என்ற இடத்தில் எழுதியிருந்த இரண்டாவது பெயர் என்னுடையது. இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆஸ்துமா உண்டா என்ற கேள்விக்கு எதிரே அவன் பேனா நின்றுவிட்டது. சிறுவயதில் இருந்தது, பிறகு விட்டுப்போனது. 2015இல் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தில், பள்ளிகளைக்கூட மூடினார்களே, அந்த வாரங்களில் மட்டும் மறுபடி தலைகாட்டியது. சட்டைப்பையில் நீல இன்ஹேலரோடு பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வருவான். "அந்தப் புகையில் யாருக்குத்தான் மூச்சு வாங்கவில்லை?" என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நான் ரோகசோவ் கதையை எடுத்தேன். துருவப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் கதை. 1961 ஏப்ரல் 30 அன்று, அண்டார்டிகாவின் சோவியத் நிலையம் ஒன்றில் இருந்த ஒரே மருத்துவர், வேறு வழியில்லாமல் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். அதோடும் விடவில்லை. 2013 டிசம்பரில் பனியில் சிக்கிய அகாதெமிக் ஷோகால்ஸ்கி கப்பலின் 52 பேரை ஹெலிகாப்டரில் தூக்குவதற்கு ஜனவரி 2 வரை ஆனதையும் சொன்னேன். "கப்பலில் ஒரே ஒரு மருத்துவர்தான் இருப்பார், தம்பி" என்றேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்த உண்மைகளை அவன் நன்மைக்காகத்தான் அடுக்கினேனா?

ஆமாம் என்று சில நாட்களில் உறுதியாகச் சொல்வேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு மருத்துவமனை கிடையாது. குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஒருவனுக்கு மூச்சு முட்டினால் கப்பலே திரும்பவேண்டும்; அத்தனை பேருடைய வேலையும் கெடும். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

அவன் எழுதினான். சில வாரங்களில் மறுத்துவிட்டார்கள். நான் போனேன்.

அந்தப் பயணத்துக்கு அவன் எப்படித் தயாரானான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடல்நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படும். மிஞ்சுகிற உப்புநீர் பனிக்குள் மெல்லிய குழாய்களில் தங்கிவிடும். நுண்பாசிகள் வாழ்வது அங்கேதான். துளைத்தெடுத்த பனித்தண்டை அப்படியே உருகவிட்டால் நன்னீர் புகுந்து செல்கள் வெடித்துவிடும். வடிகட்டிய கடல்நீரில் போட்டு, இருட்டில், மெல்ல உருக்கவேண்டும். இதைப் பழகுவதற்காகத் தெலுக் பாஹாங் கடல்நீரை வாளியில் பிடித்துவந்து எங்கள் உறைபெட்டியில் உறையவைப்பான். அதைத் துளைத்து, அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கறுப்பு நெகிழி சுற்றிய டப்பாக்களில் உருக்குவான். வெளியே முப்பத்திரண்டு டிகிரி வெயில். உள்ளே விரல்கள் விறைக்க அவன் ரம்பம் இழுப்பான். பாசி ஒன்றும் கிடைக்காது. கை பழகவேண்டும் என்பான்.

ஹோபார்ட்டில் கப்பல் ஏறினேன். ஐம்பதாம் அட்சரேகைகளைத் தாண்டும் வரை படுக்கையின் விளிம்பைப் பிடித்தபடியே கிடந்தேன். பிறகு ஒரு விடியலில் ஆட்டம் நின்றது. பனி, அலையின் ஆற்றலை வாங்கிக்கொண்டுவிடும் என்று படித்ததுதான். உடம்பு அதை உணர்வது வேறு. வெளியே விளிம்பு மடங்கிய வட்டத் தட்டுகளாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது மகிழ்ச்சி. முழு மகிழ்ச்சி. அவன் நினைவு வந்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை என்னால் மாற்றி எழுத முடியவில்லை.

மாதிரிப் பெட்டியைத் திறந்தபோது குப்பிகள் எல்லாவற்றிலும் அவன் கையெழுத்து. "அடி 5 செ.மீ. – இருட்டு" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தான். தனக்கென்று எழுதிக்கொண்டது. கையுறையோடு அந்தக் குப்பிகளைப் பிடித்து, அவன் எழுதியிருந்தபடியே, எந்த மாற்றமும் இல்லாமல் நிரப்பினேன்.

அந்தப் பயணத்தில் யாருக்கும் மூச்சுத் திணறவில்லை. திணறியிருந்தால் எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத நேர்வதே எவ்வளவு கேவலம்!

அடுத்த ஆண்டு முயலலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அடுத்த இடம் வரவேயில்லை. பனியும் காத்திருக்கவில்லை. 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டிப் பரந்திருந்த அண்டார்டிகக் கடல்பனி, 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே போனது. ஒன்று குளிர்கால உச்சம், மற்றது கோடைக்காலத் தாழ்வு. இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவள்தான் நான். ஆனாலும், செயற்கைக்கோள் கணக்கு தொடங்கியதிலிருந்து கோடையில் அவ்வளவு குறைவாக இருந்ததில்லை என்று படித்த இரவில் அவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவன் இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில், தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அடியடுக்கு என்ன நிறம், அக்கா?"

"பழுப்பு. பாலில்லாத தேநீர் மாதிரி."

தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு மோர் ஊற்றினான். மற்றதை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்று நீ எழுதாமல் விட்டிருந்தால் நான் உண்மையில் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். அதைவிட மோசமானது, இரண்டாவது பெயர் வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லியிருப்பேனா என்பது.

போன ஆண்டு வேறொரு களப்பயணத்துக்காக ஒரு மாணவி படிவத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "உள்ளதை உள்ளபடி எழுதும்மா" என்றேன். அவள் பேனாவைத் திறக்கும் முன்பே எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது உறை ஒட்டப்பட்டிருந்தது.