பொல்யூஷன் போர்டு அனுமதி: இல்லாத ஓடைக்கு ஓர் அலைச்சல்

பெட் பாட்டிலும் பால் கவரும் கழுவி அரைக்கிற சின்ன யூனிட் ஒன்றுக்கு ஒருவழியாக அனுமதி கைக்கு வந்துவிட்டது. வந்திருப்பது நிறுவுவதற்கான கன்சென்ட் மட்டும்தான். மெஷினை ஓட்ட இன்னொன்று வாங்கியாக வேண்டும். இருந்தாலும் மேலூர் ரோட்டில் தகரக் கொட்டகையைப் பிடித்துப் போட்டுவிட்டு, வெறும் கொட்டகைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவனுக்கு இதுவே பெரிய நிம்மதி. பழைய பேப்பர் கடை, ஸ்கிராப் கடை வைத்திருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆன்லைன் விண்ணப்பத்தில் சிரமம் ஒன்றும் இல்லை. கொட்டகை அக்ரிமென்ட், லேஅவுட், எதை எப்படி அரைக்கிறோம் என்கிற விவரம், ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்று எல்லாம் சீக்கிரமே சேர்ந்துவிட்டன. அந்தச் சொத்து மதிப்பையும் மாசு அளவை வைத்துப் போர்டு பிரிக்கும் நிறங்களில் நம் தொழில் எந்த நிறம் என்பதையும் வைத்துத்தான் கட்டணம் (கழுவி அரைப்பது ஆரஞ்சு). நீர்ச் சட்டத்துக்குத் தனியாக, காற்றுச் சட்டத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

தலைவலி எங்கே வந்தது என்றால், இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஸ்கெட்சில். குடியிருப்பு, பள்ளிக்கூடம், கோயில், நீர்நிலை எல்லாம் எவ்வளவு தூரம் என்று அதில் வர வேண்டும். மதுரைப் பக்கம் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் கண்மாய் மாட்டாத ஊர் உண்டா? கண்மாயைச் சரியாகவே காட்டியிருந்தோம். ஆனால் ஸ்கெட்ச் போட்டுக் கொடுத்தவர் சாட்டிலைட் படத்தைப் பார்த்து, கொட்டகைக்குப் பின்னால் போகும் ஒரு கோட்டை நீலமாகத் தீட்டி ‘ஓடை’ என்று எழுதிவிட்டார். விண்ணப்பம் ரிட்டர்ன் ஆனது. ஓடைக்கும் தொழிற்கூடத்துக்கும் உள்ள தூரத்தை உரிய துறையிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள்.

“அது ஓடை இல்ல சார், ஸ்கெட்ச்ல தப்பா வந்துருச்சு” என்றேன்.

“நீங்கதான சார் ஓடைன்னு போட்டிருக்கீங்க” என்றார் எழுத்தர். அதற்கு மேல் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நீர் சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போனால் அங்கே வேறு கதை. ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்க கணக்குல இப்படி ஒரு ஓடையே இல்லையே, இல்லாத ஓடைக்கு நாங்க எப்படி லெட்டர் தர்றது?” என்றார்கள். சரி, இல்லை என்றாவது எழுதிக் கொடுங்கள் என்றால், அப்படி எழுதித் தர வழக்கம் இல்லையாம். திரும்பி வந்து சொன்னால், “லெட்டர் இல்லாம ஃபைல் நகராது சார்.” மழை பெய்தால் நாலு நாள் ஈரமாகக் கிடக்கும் ஒரு பாதை என்னை இந்த ஆபீசுக்கும் அந்த ஆபீசுக்கும் ஓடவிட்டது.

வழி சொன்னது கிராம உதவியாளர். “அண்ணே, எதுக்கு லெட்டருக்கு அலையுறீங்க? அந்த சர்வே நம்பருக்கு அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்க” என்றார். எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு அது. பட்டா, சிட்டா எடுக்கிற அதே அரசு இணையதளத்தில்தான் அ-பதிவேடும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால், நிலத்தின் வகை ‘வண்டிப்பாதை’. நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் சேர்த்துப் பிரின்ட் எடுத்து, வி.ஏ.ஓ. கையெழுத்தும் வாங்கி, ஸ்கெட்சை வேறு ஆளிடம் புதிதாகப் போட்டு ஏற்றினேன். எழுத்தர் அந்த ஒரு வார்த்தையை இரண்டு தரம் வாசித்தார். “இதை மொதல்லயே கொண்டு வந்திருக்கலாமே” என்று அவர் சொன்னதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கேட்டது யார், லெட்டரைத்தானே கேட்டீர்கள்!

அந்த இடம் தொழிலுக்கு உரியதா, குடியிருப்புக்கு உரியதா என்று சொல்லும் நில வகைப்பாட்டுச் சான்றிலும் கொஞ்சம் அலைச்சல். சிட்டாவில் புஞ்சை என்று இருப்பது இதற்குப் போதாது. நகர் ஊரமைப்பு ஆபீஸில் தனியாக வாங்க வேண்டும். அதிகாரி கேம்ப், வாருங்கள் போங்கள் என்று இழுத்தது. நடுவில் ஒருவர், “பிளாஸ்டிக்தான் தடை ஆச்சே, எப்படி கம்பெனி வைக்கிறீங்க?” என்று வேறு கேட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை கேரி பேக், தட்டு, கப், உறிஞ்சுகுழல் மாதிரி ஒருமுறை தூக்கிப் போடுகிற சாமான்களுக்கு. 2022 ஜூலையில் நாடு முழுக்க வந்ததும் அந்த மாதிரிச் சாமான்களுக்குத்தான். பாட்டிலும் பால் கவரும் அதில் இல்லை என்று விளக்கினேன். உண்மையில் பால் கவருக்கு விலை உண்டு, யாராவது பொறுக்கி எடுத்துவிடுவார்கள். கால்வாயில் போய் அடைப்பது விலை போகாத அந்த மெல்லிய பைதான். அதை எங்கள் மெஷினும் சாப்பிடாது.

ஆய்வுக்கு வந்த பொறியாளரைக் குறை சொல்ல மாட்டேன். கழுவுகிற தண்ணீரைப் பற்றி மட்டுமே துருவித் துருவிக் கேட்டார். எத்தனை தொட்டி, அடியில் படிகிற சேறு எங்கே போகும், மேலே மிதக்கிற லேபிள் தாளை எதில் வடிப்பீர்கள் என்று. மூன்று தொட்டி, தெளிந்த தண்ணீர் திரும்பக் கழுவலுக்கே, ஒரு சொட்டு வெளியே விடுவதில்லை என்று வரைபடத்தில் காட்டினேன். லேபிள் தாளுக்கு நான் சல்லடை காட்டவில்லை. அவரே பேனாவை எடுத்து, இரண்டாவது தொட்டிக்கு முன்னால் வலை போடச் சொல்லிக் குறித்துக் கொடுத்தார்.

அனுமதி வாங்கித் தருகிறேன் என்று வருகிற புரோக்கர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அ-பதிவேடு பார்த்தீர்களா? முழித்தால் விட்டுவிடுங்கள். கொட்டகைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நில வகைப்பாட்டையும் சுற்றியுள்ள சர்வே நம்பர்களையும் பார்த்துவிடுவது நல்லது. புலப்படம், அ-பதிவேடு நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இயக்க அனுமதிக்குப் போகும்போது ஃபைலைப் பார்ப்பது வேறு ஆளாக இருக்கலாம்.

அடுத்து எனக்கு அந்த இயக்க அனுமதியும், மறுசுழற்சியாளர் பதிவும் பாக்கி. பதிவு செய்தால்தான், தங்கள் பங்குக்குப் பிளாஸ்டிக் மறுசுழற்சி நடந்தது என்று கணக்குக் காட்ட வேண்டிய பெரிய கம்பெனிகளுக்கு மறுசுழற்சிச் சான்றிதழ் விற்க முடியும், அதற்கு ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள். சாக்கில் பாட்டில் கொண்டு வரும் அக்காவிடம் நான் எந்த பில்லைக் கேட்பது? இதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.