நைரோபி லோக்கல் ட்ரெயின்ல தலை எண்ணின வேலை

நைரோபில என்ன வேலை பாத்தேன்னு ஊர்ல யாராச்சும் கேட்டா ரயில்வே ப்ராஜெக்ட்னு சொல்லிடுவேன், ஆனா அது தலை எண்ணுற வேலைதான். ஒரு கன்சல்டன்சி மூலமா போயிருந்தோம், லோக்கல் ட்ரெயின்ல எந்த ஸ்டேஷன்ல எத்தன பேர் ஏறுறாங்க, எத்தன பேர் இறங்குறாங்கன்னு காலைலயும் சாயந்திரமும் கணக்கெடுத்து ரிப்போர்ட் குடுக்கணும்.

அந்த ஊரே ரயிலால வந்த ஊரு. 1899ல கடலோரத்துல இருக்கிற மொம்பாசாலருந்து லைன் போட்டுக்கிட்டே வந்தவங்க, மலை ஏறுறதுக்கு முன்னாடி டிப்போ போட்ட இடம். அந்த லைனப் போட்டதுல பெரும்பாலும் இந்தியாலருந்து கப்பல்ல கூட்டிட்டு வந்த கூலி ஆளுங்க, முக்கியமா பஞ்சாப் பக்கம். எல்லாம் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர்தான். 2004 வரைக்கும் பீச்-தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டில போய் வந்தவன் நான், அதனால அந்தப் பெட்டியோட அகலமும் ஆட்டமும் எனக்குப் புதுசா தெரியல. 2020ல ஸ்பெயினோட மயோர்கா தீவுலருந்து பழைய டீசல் ரயில் கார் வாங்கிட்டு வந்தாங்களே, அதுக்கும் இதான் காரணம், அந்தத் தீவுலயும் மீட்டர் கேஜ்தான்.

எனக்கு விழுந்தது ருய்ருங்கிற ஊருக்குப் போற லைன். நைரோபி சென்ட்ரல், மகாடாரா, டான்டோரா, முவிகி, கிதுராய், கஹாவான்னு போகும். இதுல கிதுராய்தான் உயிர எடுத்துடும். விடிகாலைல பிளாட்பாரத்துல கால் வைக்க இடம் இருக்காது, வண்டி நிக்கிறதுக்குள்ளயே ஏற ஆரம்பிச்சிடுவாங்க, அதுவும் பிளாட்பாரம் பக்கம் மட்டும் இல்ல, அந்தப் பக்கத்துலருந்தும் ஏறுவாங்க, அதனால ரெண்டு பக்கமும் ஆள் போட்டு எண்ணணும். வாசல்ல தொங்குறவங்கள எண்ணுறது ரொம்பக் கஷ்டம், கை மட்டும்தான் தெரியும், எந்தக் கை யாரோடதுன்னே புரியாது. மட்டாட்டுன்னு அங்க ஓடுற ஷேர் வேன் இருக்கே அப்புறம் ஏன் இப்படித் தொங்கிக்கிட்டுப் போறாங்கன்னா, மழை வந்தாலே மட்டாட்டுல ரேட்ட ஏத்திடுவாங்க, ட்ராஃபிக்ல மாட்டுனா எப்ப போய்ச் சேருவோம்னும் தெரியாது. ரயில் கட்டணம் மழைக்கெல்லாம் மாறாது. இன்டஸ்ட்ரியல் ஏரியால தினக்கூலிக்குப் போறவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாடு.

கிதுராய்ல சந்தையே தண்டவாளத்த ஒட்டித்தான். சாக்க விரிச்சு தக்காளி, வெங்காயம், சுகுமா விகின்னு ஒரு கீரை, எல்லாம் குவிச்சு வச்சிருப்பாங்க. ஹாரன் சத்தம் கேட்டதும் சாக்கோட நாலு மூலையையும் சேத்துப் பிடிச்சு இழுத்துக்குவாங்க, வண்டி போனதும் திரும்ப விரிச்சிடுவாங்க, பேச்சு கூட நிக்காது. அங்க காய் விக்கிற பொம்பளைங்கள மாமா ம்போகான்னு கூப்பிடுவாங்க. அப்படி ஒரு மாமா, நான் நோட்டும் கையுமா நிக்கிறதப் பாத்துட்டு, இந்த வண்டி நாலு மணிக்கு வருமான்னு கேட்டாங்க. சாயந்திரமான்னேன். இல்லப்பா, விடியுறதுக்கு முன்னாடின்னாங்க. அந்நேரத்துக்கு அவங்க வகுலிமா மார்க்கெட்டுக்குப் போய் மொத்தமா காய் எடுக்கணும், அந்த மார்க்கெட் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. தினமும் இந்தத் தண்டவாளத்து மேலயே உக்காந்து வியாபாரம் பண்றாங்க, இது போய்ச் சேர்ற இடத்துக்கேதான் அவங்களும் போகணும், ஆனா இந்த வண்டி அவங்களுக்கு எந்த வகைலயும் ஒதவாது.

ஏன்னா ஒத்தைத் தடம். எதிர்ல வண்டி வந்தா லூப், அதாவது ஒதுங்குறதுக்குப் பக்கத்துத் தடம், இருக்கிற ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்கணும், அதனால காலைல ஊருக்குள்ள, சாயந்திரம் வெளியன்னுதான் ஓட்டுறாங்க, பகல் பூரா பெட்டியெல்லாம் சென்ட்ரல்ல சும்மா நிக்கும். புதுப் பெட்டி வாங்குனா பேப்பர்ல ஃபோட்டோ வரும், மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவாரு. ஒரு லூப்ப நீட்டுறதுக்கும் சிக்னல மாத்துறதுக்கும் யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க. ஆனா அதச் செஞ்சாத்தான் பகல்லயும் வண்டி விட முடியும், எனக்கு இதுல கொஞ்சங்கூட சந்தேகமே இல்ல.

இன்னொண்ணும் மனச உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வண்டி போனப்புறம் தண்டவாளத்தோரமா ஆளுங்க வரிசையா நடந்து போயிட்டே இருப்பாங்க, கைல ஷூ, கால்ல ரப்பர் செருப்பு, வேலை செய்யுற இடம் வந்ததும் மாத்திக்குவாங்க. நைரோபில கிட்டத்தட்ட நாப்பது சதவீதம் பேர் நடந்துதான் வேலைக்குப் போறாங்க. எங்க ஃபார்ம்ல ஏறுறவங்களுக்கு ஒரு கட்டம், இறங்குறவங்களுக்கு ஒரு கட்டம், நடக்குறவங்களுக்கு ஒண்ணும் கெடயாது. நான் டீம்ல இருந்த கென்யப் பசங்க கிட்ட சொல்லி ஓரத்துல கோடு போட்டு அவங்களையும் எண்ணச் சொன்னேன். டீம் லீடர் கிட்ட கொண்டு போனப்ப, இது நம்ம வேலைல வராதேப்பான்னாரு. சார், இன்னிக்கு நடக்குறவங்கதானே நாளைக்கு நம்ம பேசஞ்சர், இவங்கள விட்டுட்டு டிமாண்ட் எவ்ளோன்னு எப்படி சார் எழுதுறதுன்னேன். கொஞ்ச நேரம் அந்த ஷீட்டையே பாத்துட்டு, பின்னிணைப்புல போடுன்னாரு. போட்டேன், கூடவே அதிகாலை நாலு மணிக்கு ஒரு வண்டி வேணும்னும், அது வகுலிமா மார்க்கெட்டுக்குப் போற வியாபாரிகளுக்குன்னும் எழுதினேன்.