கால் மாறி ஏறும் அட்டாக்கர்: திருத்துவதா, விடுவதா?

ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி என்று சேலம் பக்கம் எந்த ஊர் வாலிபால் மைதானத்துக்குச் சாயங்காலம் போனாலும் பந்தை அடிக்கக் கால் மாறி ஏறுகிற ஒரு பையனைப் பார்க்கலாம். வலது கைக்காரன், ஆனால் குதிக்கும்முன் கடைசியாக ஊன்றுவது வலது கால். ஓரத்தில் நிற்கிற யாராவது ஒரு அண்ணன் "டேய், கால் தப்புடா" என்று கத்துவார். பையன் அடுத்த பந்துக்குக் காலையே யோசித்துக்கொண்டு ஓடி நெட்டுக்கு அடியில் போய் நிற்பான். அதுவரை இருந்த குதியும் அன்றைக்குப் போய்விடும். "தப்பு" என்று சொல்வது சுலபம். எது தப்பு, ஏன் தப்பு, யாருக்குத் தப்பில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் வழக்கமான முறை. வலது கைக்காரருக்கு மூன்றடி ஓட்டம் என்றால் இடது, வலது, இடது. நாலடி என்றால் முன்னால் ஒரு சின்ன வலது சேரும். முக்கியம் கடைசி இரண்டு அடிதான். வலது கால் நீளமாக, குதிகால் முதலில் தரையில் பட விழும். பெரியவர்களுக்கு அந்த அடி ஏறக்குறைய 1.2 முதல் 1.5 மீட்டர் இருக்கும். அதே சமயம் இரண்டு கையும் பின்னால் போயிருக்க வேண்டும். உடனே இடது கால் ஒரு முழத்துக்குள் சற்று முன்னால் வந்து, பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி ஊன்றும். அந்த இடது கால்தான் பிரேக். முன்னோக்கி வந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்புவது அதன் வேலை. இடது கால் முன்னால் இருப்பதால் உடம்பு வலப்பக்கம் பார்க்கும், வலது தோள் நெட்டைவிட்டுப் பின்னால் இருக்கும். அங்கிருந்து இடுப்பு, தோள், கை என்று வரிசையாகச் சுழன்று வரும்போதுதான் அடிக்கு வேகம் ஏறும்.

கால் மாறினால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறுந்துவிடும். வலது கால் முன்னால், அதனால் வலது தோளும் நெட்டுக்குப் பக்கத்தில். சுழல்வதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. கை மட்டும் தனியாக வேலை செய்கிறது. குதி பெரிதாகக் குறையாது. அடிதான் மெலியும், கொஞ்ச வருடத்தில் தோளில் வலியும் வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் காலைப் பார்த்துக் கத்துகிறார்கள், உண்மையான செலவு தோளில்.

இதிலே பாதிப் பேருக்குப் பிரச்சினை காலே இல்லை, எண்ணிக்கை. வலது கைக்காரர் ஒற்றைப்படை அடி வைத்தால் இடதில் தொடங்க வேண்டும், இரட்டைப்படை வைத்தால் வலதில். பையன் வலதில் தொடங்கி மூன்றே அடி வைக்கிறான், வலது, இடது, வலது. முடிவு மாறிப்போகிறது. அவனிடம் "காலை மாத்து" என்று சொல்வதைவிட "இன்னொரு அடி சேர்த்து வை" என்று சொன்னால் போதும். தொடங்கும் இடத்தை அரை மீட்டர் பின்னால் தள்ளிவிடுங்கள். பலருக்குச் சில நாளிலேயே சரியாகிவிடும். உயரமான செட்டுக்கு, அதாவது செட்டர் அடிக்கத் தூக்கிக் கொடுக்கும் பந்துக்கு, சீக்கிரமே கிளம்பி, நடுவில் நின்று, தத்தித் தத்திக் காலை மாற்றிக்கொள்பவர்களும் இந்த வகைதான். அவர்களுக்குத் தேவை பொறுமை. மூன்றடிக்காரர் உயரச் செட்டில் பந்து உச்சிக்குப் போகும்வரை அசையவே கூடாது.

எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். போனில் ஸ்லோ மோஷன் வைத்து, கோர்ட்டுக்குப் பின்னாலிருந்து இடுப்பு உயரத்தில் பத்துப் பந்து எடுங்கள். பத்திலும் கடைசிக் கால் வலது என்றால் அது உடம்பில் ஊறியது. ஆறில் வலது, நாலில் இடது என்றால் அது எண்ணிக்கைக் குழப்பம். ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரிச் செட்டுக்கு எடுத்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

உடம்பில் ஊறிய வகையில் எங்கே ஆடுகிறான் என்பது பெரிய விஷயம். நாலாம் இடத்தில், அதாவது இடது ஓரத்தில், வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கமிருந்து வருகிறது. வழக்கமான கால் வைத்தால் உடம்பு வலப்பக்கம் பார்க்கும், பந்தும், தடுக்க எழும்பும் எதிரணிக் கைகளான பிளாக்கும் ஒன்றாகக் கண்ணுக்குள் இருக்கும். கால் மாறினால் முகம் வெளிப்பக்கம் திரும்பிவிடும், பந்து பின்னந்தோள் வழியாக வரும். கிராஸ், அதாவது எதிர் கோர்ட்டின் குறுக்கு மூலைக்கு, அடிக்க உடம்பைத் திருகிக் கையை இழுக்க வேண்டும். நாலாம் இடத்து ஆளுக்கு இது நிஜமான குறை. திருத்துங்கள்.

இரண்டாம் இடத்தில், அதாவது வலது ஓரத்தில், கணக்கு தலைகீழ். அங்கே பந்து இடப்பக்கமிருந்து வரும். வழக்கமான கால் வைத்த வலது கைக்காரர் செட்டருக்கு அரை முதுகு காட்டி, இடது தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்க்க வேண்டும். பந்து உடம்பைக் கடந்து வலது கைக்கு வந்து சேர வேண்டும். கால் மாறியவருக்கோ செட்டர், பந்து, எதிர் கோர்ட்டின் நீண்ட மூலை எல்லாம் நேர் எதிரில். இடது கைக்காரர்கள் இரண்டாம் இடத்தில் சிறப்பதற்குக் காரணமான அதே கால்வைப்பு. அவர்களுக்கு அடிக்கும் தோளும் பின்னால் இருக்கிறது, இவருக்கு அது மட்டும் இல்லை. உடம்பு கிராஸைப் பார்த்திருக்க, மணிக்கட்டை வெளியே திருப்பி லைனில், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி, போட்டால் பிளாக்கர் பல நேரம் ஏமாறுவார். பதினெட்டைத் தாண்டியவர், நன்றாகக் குதிக்கிறவர், இரண்டாம் இடத்தில் ஆடுகிறவர், தோளில் வலி இல்லாதவர் என்றால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. பள்ளிப் பிள்ளை என்றால் எந்த இடமானாலும் மாற்றிவிடுங்கள். நாளைக்கு எந்த இடத்தில் ஆடுவான் என்று யாருக்குத் தெரியும்?

விடுவது என்று முடிவு செய்தாலும் அப்படியே விடக் கூடாது. மூன்று சின்னச் சரிகட்டல்கள் உண்டு. கடைசி வலது கால் இடது காலைத் தாண்டி முன்னால் போகாமல், ஏறக்குறைய பக்கத்திலேயே, விரல்கள் நெட்டைப் பார்க்க ஊன்ற வேண்டும். வலது தோள் முன்னால் போவதை இதுவே பாதி தடுக்கும். இடது கை உயரப் போய்ச் சற்று நேரம் அங்கேயே நிற்க வேண்டும், அது சீக்கிரம் விழுந்தால் மார்பும் கூடவே திரும்பிவிடும். மூன்றாவது செட்டருக்கு: நெட்டை ஒட்டிப் போடாமல் ஒரு மீட்டர் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நெட்டை ஒட்டிய பந்துக்குக் கால் மாறியவர் கையை நீட்ட இடமில்லாமல் வலையைத் தொட்டுவிடுவார். நாலாம் இடத்தில் தவிர்க்க முடியாமல் ஆட நேர்ந்தால், வெளியிலிருந்து சாய்வாக வராமல் நெட்டுக்கு நேராக வரட்டும்.

மாற்றுவது என்றால் பின்னாலிருந்து முன்னாலாக. கோர்ட்டில் சுண்ணாம்புப் பொடியால் கடைசி இரண்டு பாதத்தையும் வரைந்து, அதில் நின்றபடியே குதிக்கச் சொல்லுங்கள். பந்து வேண்டாம். அது சரளமானதும் வலது, இடது என்று இரண்டு அடி. பிறகு மூன்று. வாயால் தாளம் சொன்னால் காலுக்கு எளிது: முதல் அடி மெதுவாக, கடைசி இரண்டும் ஒட்டி, "தா... தக". அடுத்து ஒருவர் பந்தைக் கையில் உயர்த்திப் பிடிக்க அதை அடிப்பது, அதன் பிறகு கையால் தூக்கிப் போட்ட பந்து, கடைசியாகத்தான் செட்டர். ஒவ்வொரு படியிலும் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது குதிக்கு மேல் வேண்டாம், முட்டி தாங்காது. பழகுகிற காலத்தில் நெட்டைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள். ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர் என்ற உயரத்தில் புதுக் காலைப் பழக்கினால், உயரம் போதாத பதற்றத்தில் பழைய கால் திரும்பி வரும். பொங்கல் டோர்னமென்ட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் பந்தயமே இல்லாத காலம் வேண்டும்.

இரண்டு காலையும் ஒரே சமயத்தில் ஊன்றிக் குதிக்கிறவர்களும் உண்டு. பின்வரிசையிலிருந்து அடிப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். எழும்புவது சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் பிரேக் போட முன்கால் இல்லாததால் உடம்பு முன்னால் மிதந்துகொண்டே போகும். மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் ஏறுகிறவருக்கு அது லாபம், ஏறும்போது கோட்டைத் தொடாமல் இருந்தால் போதும், இறங்குவது முன்னால் இருக்கலாம். முன்வரிசையில் அதே மிதப்பு நெட்டில் கொண்டுபோய் மோதும்.

வேண்டுமென்றே மரபை மீறுகிற கால்வைப்புகளில் முதலிடம் ஸ்லைடுக்கு. மகளிர் ஆட்டத்தில் சென்டர் ஆடுகிறவர்களின் முக்கிய ஆயுதம் இது. வலது கைக்காரர் நடுவிலிருந்து செட்டரை நோக்கி வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வளைந்து, நெட்டுக்கு இணையாக ஓடி, இடது ஒற்றைக் காலில் ஏறுவார். செட்டர் கையில் பந்து படும் நேரத்தில் முதல் அடியான இடது கால் தரையில் இருக்க வேண்டும். அதன்பின் வலது, இடது, மேலே. வலது முட்டி வலது கையோடு சேர்ந்து எழும்ப வேண்டும், முட்டி தொங்கினால் உயரமே கிடைக்காது. செட் பின்னோக்கி, தாழ்வாக, நெட்டின் ஓரத்தில் பக்கக்கோட்டுக்கு மேல் நிற்கும் கம்பான ஆன்டெனா நோக்கி. ஓடுகிற திசையிலேயே உடம்பு காற்றில் ஒன்றரை இரண்டு மீட்டர் நகர்வதால் பிளாக்கருக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது.

கெடுவது பெரும்பாலும் ஓட்டத்தின் வளைவில். நெட்டை நோக்கிச் சாய்ந்து ஓடினால் ஏறும் இடம் நெட்டுக்கு அடியில் போய்விடும், இறங்கும்போது நடுக்கோட்டைத் தாண்டிவிடுவார். பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு நேர் மேலேயோ இருந்தால் தவறில்லை, முழுப் பாதமும் தாண்டினால் பாயின்ட் போச்சு. நெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கயிறு போட்டு, அதற்கு வெளியே ஓடச் சொல்லிப் பழக்கலாம். நம் பக்கத்து மைதானங்களில் ஆன்டெனா கட்டாமல் ஆடுவது சகஜம். ஸ்லைடு பழகும்போதாவது பக்கக்கோட்டுக்கு நேர் மேலே எதையாவது கட்டுங்கள், இல்லையென்றால் பந்தயத்தில் பந்து கம்புக்கு வெளியேதான் போகும். ஒற்றைக் காலில் ஏறினாலும் முடிந்தவரை இரு காலில் இறங்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே ஒற்றைக் காலில் இறங்குவதுதான் முட்டி ஜவ்வைக் கிழிக்கிற இறக்கம்.

இன்னொன்று, குதிக்காமல் ஏமாற்றுவது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் ஆண்கள் அணியின் மொரிட்டா இதற்குப் பேர் போனவர். குயிக்குக்கு, அதாவது செட்டர் தாழ்வாகக் கொடுக்கச் சட்டென்று அடிக்கும் பந்துக்கு, வருவதுபோல முழு வேகத்தில் வந்து, இரண்டு காலையும் ஊன்றி, முட்டியை மடக்கி, கையையும் பாதி தூக்கி, அங்கேயே ஒரு கணம் நிற்பது. பிளாக்கர் ஏறி இறங்கத் தொடங்கும்போது நின்ற இடத்திலிருந்தே குதிப்பது. உயரம் குறையும், ஆனால் எதிரே கை இருக்காது. நம் ஆட்கள் இதை முதல் பந்திலேயே செய்கிறார்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நிஜக் குயிக் அடித்துக் காட்டாவிட்டால் எந்தப் பிளாக்கரும் குதிக்க மாட்டார். செட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வழக்கமான குயிக்கைவிட அரை மீட்டர் உயரமாவது பந்து வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே தரை இருக்கிறது. சேலத்துச் செம்மண் கோடையில் சிமெண்டு மாதிரி இறுகி, மேலே பொடிச் சரளை நிற்கும். நீளமான அடியில் குதிகால் வழுக்கினால் எந்தக் கால்வைப்பும் உதவாது. ஆட்டத்துக்கு முன் பெருக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஊறியபின் ஆடுங்கள். ஏற்காட்டில் பனி இறங்கிய மண்ணில் அந்த நீள அடியை ஒரு சாண் குறைத்துக்கொண்டு, பாதம் முழுதாகப் பட ஊன்றுவது நல்லது. ஸ்லைடை ஈரத்தில் மறந்துவிடலாம்.

மலைக்கு ஆடப் போகிறவர்கள் பந்தையும் கவனிக்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. கீழே விதிப்படி சதுர செ.மீ.க்கு 0.30 கிலோ காற்று அடித்த பந்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 0.44 வரை இறுகும். குளிரில் கொஞ்சம் தணிந்தாலும் 0.38-ஐ ஒட்டி நிற்கும், விதி அனுமதிக்கும் 0.325-ஐவிட அதிகம். அந்தப் பந்து செட்டர் விரலில் பட்டு எகிறும், அவர் கை பழகிய உயரத்தைத் தாண்டும், அட்டாக்கரின் அடிக் கணக்கும் அதோடு குழம்பும். மேலே போனதும் கேஜ் வைத்து 0.30-க்கு இறக்கிவிட்டு வார்ம்-அப்பைத் தொடங்குங்கள். திரும்பிக் கீழே வந்ததும் மறுபடி காற்று அடிக்க வேண்டியிருக்கும், ஊசியையும் பம்பையும் பையிலேயே வைத்திருங்கள்.