கொதிக்க வைத்தும் போகாத ஒன்று

தங்கச்சியின் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்திருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிருமி செத்துப்போகும் அக்கா. நைத்திரேற்று போகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும்."

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் கிணற்றுக்கு 'நல்ல தண்ணி' என்று பெயர். உப்பில்லாததால் வந்த பெயர். உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் கலக்கும் நைத்திரேற்றுக்கோ நிறமும் மணமும் ருசியும் கிடையாது. பரிசோதனைப் பட்டியைத் தண்ணீரில் தோய்த்து எடுத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தேன். வெள்ளைக் கட்டம் மெல்லச் சிவந்து, அட்டையில் 50 என்றிருந்த நிறத்தையும் தாண்டியது. லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் குடிநீருக்கான உச்ச அளவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதற்கு மேல் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாயும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மாரி மழையைத்தான் எல்லோரும் அள்ளுகிறோம். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் அதே கல்வெடிப்புகளால்தான் இறங்குகின்றன. என் கிணற்றைத் தனியாகத் திருத்த வழியில்லை.

முதலில் பட்டிகளோடு வீடு வீடாகப் போனேன். பலர் படலையோடு திருப்பி அனுப்பினார்கள். ஒரு அம்மா மட்டும் காரணம் சொன்னார்: "பிள்ளை, இந்த வீட்டை மகளுக்குச் சீதனமா எழுதப்போறன். கிணறு பழுது எண்டு ஊர் கதைச்சா அவளின்ர கதி என்ன?" நியாயமான பயம். என்னிடம் பதில் இல்லை.

பதில் மாதர் சங்கத்தில் கிடைத்தது. பரிசோதனை முடிவு வீட்டுக்காரர் கையில் மட்டும். வரைபடத்தில் வீட்டிலக்கம் இல்லை, ஒழுங்கைக்கு ஒரு நிறம். தலைவி அக்கா இதைச் சொன்ன அடுத்த கிழமை, அந்த அம்மாவே போத்தலில் தண்ணீரோடு வந்தார்.

அப்புறம் சனசமூக நிலையம் இடம் தந்தது. உயர்தர வகுப்பு இரசாயனவியல் மாணவர்கள் பட்டி பார்த்தார்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் ஒரே போத்தலுக்கு இருவர் இரண்டு எண் சொல்ல, வேலையைக் காலை வெயிலுக்கு, விறாந்தைக்கு மாற்றினோம். சந்தேகமானவற்றைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம்.

கமக்காரர்களிடம்தான் அதிக நாள் எடுத்தது. பழியைத் தங்கள் தலையில் போட வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். தோட்டமே இல்லாத, குழிகள் நெருங்கிய ஒழுங்கையும் சிவப்பாக இருந்ததைக் காட்டியபிறகுதான் கதைக்க இருந்தார்கள். "பங்குக் கிணறு மாதிரித்தானே, இறைக்கிறவை எல்லாரும் சேந்து கலக்கி இறைச்சுத் துப்புரவாக்கவும் வேணும்" என்றார் ஒரு ஐயா. நான் மாதக்கணக்கில் விளக்க முயன்றதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். சிலர் வெங்காயத்துக்கு யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடத் தொடங்கியிருக்கிறார்கள்.

பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் போகவில்லை. அங்குள்ள மாதர் சங்கங்கள் எங்கள் கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டு போயின. ஒரு ஊரில் நிறப் படத்துக்கும் சம்மதிக்கவில்லை. சரி, அது அவர்கள் முடிவு.

குழந்தைக்கு இப்போது இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள கிணற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. மாரி முடிந்ததும் அதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.